மந்திரக்கோலின் பின்னால் மின்னும் பொறிகள்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் முடிந்ததும் பெற்றோரைக் கணினி ஆய்வகத்துக்கு அழைத்துப் போனேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். திரையில் கருநீல வானம். சுட்டியை அசைத்தால் ஒரு மந்திரக்கோல் நகரும். அது போகும் வழியெல்லாம் பொன்னிறப் பொறிகள் சிதறி, மின்னி, மங்கி மறையும். பெற்றோர் கைதட்டினார்கள். ஒரு தாய் தன் மகளின் தோளைத் தொட்டு, "இது எப்படிம்மா வருது?" என்று கேட்டார்.

"தெரியலம்மா. டீச்சர் போட்டுக் குடுத்தாங்க. நான் கலர் மட்டும் மாத்தினேன்."

அவள் பொய் சொல்லவில்லை. நான்தான் இரண்டு இரவு உட்கார்ந்து நிரலை எழுதி, ஒவ்வொரு கணினியிலும் ஏற்றி வைத்திருந்தேன். கூட்டத்தன்று நன்றாகத் தெரிய வேண்டும் என்ற எண்ணம். அந்தத் தாய் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த கணினிக்குப் போய்விட்டார். எனக்கு அன்று மாலை வரை அந்தப் பதில் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. கணக்கு ஆசிரியையான நான், கரும்பலகையில் விடையை எழுதிப் போட்டு "பார்த்து எழுதிக்கோங்க" என்று சொன்னதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மறுவாரம் எல்லாக் கணினிகளிலும் அந்தக் கோப்பை அழித்துவிட்டேன். வெறும் திரையிலிருந்து தொடங்கினோம். அதற்கு ஆறு பாடவேளைகள் ஆயின. அந்த ஆறு வேளைகளில் என்ன நடந்தது, எங்கே இடறினோம் என்பதை எழுதினால் உங்கள் ஆய்வகத்திலும் உதவும் என்று தோன்றியது. நாங்கள் பயன்படுத்தியது ஸ்கிராட்ச். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் உருவாகி 2007 முதல் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் இயங்கும். எங்களைப் போன்ற பள்ளிகளுக்கு அதுதான் பெரிய வசதி.

வால் பின்தொடர்வதில்லை

முதலில் கணினியைத் தொடவிடவில்லை. "மந்திரக்கோலுக்குப் பின்னாடி பொறி வரணும்னா என்ன செய்யணும்?" என்று கேட்டேன். ஏறத்தாழ எல்லோரும் சொன்ன பதில் ஒன்றுதான்: "பொறியைக் கோல் பின்னாடியே ஓட விடணும் டீச்சர்."

கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிச் செய்தால் கிடைப்பது கோலை விரட்டும் ஒரு பொறி மட்டுமே, அது வாலாகாது. எங்கள் ஊருக்கு வரும் மண்சாலையை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். பேருந்து போனால் பின்னால் புழுதி வால்போல் நீள்கிறது. அந்தப் புழுதி பேருந்தைத் துரத்துகிறதா? ஒரு மாணவன் சற்று யோசித்து, "இல்ல டீச்சர், அது அங்கயேதான் நிக்குது. பஸ்தான் போயிடுது" என்றான். இந்த ஒரு வாக்கியம் போதும். சக்கரம் பட்ட இடத்தில் புழுதி எழுகிறது, அங்கேயே கொஞ்சம் பரவுகிறது, அடங்குகிறது. அதற்குள் பேருந்து அடுத்த இடத்தில் புதுப் புழுதியைக் கிளப்பிவிட்டது. பழையது அடங்கிக்கொண்டும் புதியது எழுந்துகொண்டும் இருப்பதால் நமக்கு வால் தெரிகிறது.

விளையாட்டுகளில் நாம் பார்க்கும் மந்திர ஒளி, ராக்கெட் புகை, வாள்வீச்சின் தீப்பொறி எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் இதே வழிதான். துகள் அமைப்பு என்று இதற்குப் பெயர். 1982இல் வெளியான 'ஸ்டார் டிரெக் 2' திரைப்படத்தில், உயிரற்ற கோள் ஒன்றின்மேல் நெருப்புச் சுவர் பரவி அதை மாற்றுவதாக ஒரு காட்சி வரும். லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தில் பணியாற்றிய வில்லியம் ரீவ்ஸ் அந்த நெருப்பை ஒரே உருவமாக வரையவில்லை. ஏராளமான சிறு துகள்களாகப் பிரித்தார். ஒவ்வொரு துகளுக்கும் ஓர் இடம், வேகம், அளவு, நிறம், ஒளிபுகும் தன்மை, ஆயுள் என்று சில எண்களை மட்டும் கொடுத்தார். 1983இல் அதை ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார். நெருப்பு, புகை, தூசி போன்றவற்றுக்குத் தெளிவான விளிம்பு கிடையாது. கோடு போட்டு வரைய முடியாது. எண்ணிக்கையால்தான் அவற்றைப் பிடிக்க முடியும்.

பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றில் அவ்வளவு ஆர்வம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். "எப்ப டீச்சர் கம்ப்யூட்டரைத் தொடலாம்?" என்பதிலேயே குறியாக இருந்தார்கள்.

ஒரு பொறியின் வாழ்க்கை

ஸ்கிராட்சில் திரையில் நகரும் உருவத்தை ஸ்பிரைட் என்கிறோம். எங்களுக்கு இரண்டு ஸ்பிரைட்டுகள் தேவை: ஒரு கோல், ஒரு பொறி. கோல் எப்போதும் சுட்டி இருக்கும் இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். பொறியின் மூல உருவம் மறைந்தே இருக்கும். அது கோல் இருக்கும் இடத்துக்குப் போய், தன்னைப் போல் ஒரு நகலை உருவாக்கும். மறுபடி போகும், மறுபடி உருவாக்கும். குளோன் என்று ஸ்கிராட்ச் இதைச் சொல்கிறது; நாங்கள் குட்டி என்றோம்.

குட்டி பிறந்ததும் செய்ய வேண்டியது: திரையில் தோன்றுவது, பக்கவாட்டு வேகம், மேல்நோக்கு வேகம் இரண்டையும் தற்செயல் எண்களாக எடுத்துக்கொள்வது, பிறகு 20 முறை நகர்வது. ஒவ்வொரு முறையும் பக்கவேகத்தை எக்ஸ் மதிப்போடும் மேல்வேகத்தை ஒய் மதிப்போடும் கூட்ட வேண்டும். மேல்வேகத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். அளவைக் கொஞ்சம் சுருக்க வேண்டும். மங்கலை 5 கூட்ட வேண்டும். ஸ்கிராட்சில் மங்கல் 0 என்றால் முழு உருவம். 100 என்றால் எதுவுமே தெரியாது. 20 முறை 5 என்றால் 100. ஆயுளை 25 ஆக்கினால் எத்தனை கூட்டணும் என்று கேட்டேன். கேட்ட வேகத்தில் "4" என்று நாலு திசையிலிருந்தும் வந்தது. வகுப்பறையில் இதே வகுத்தலுக்கு இந்த வேகம் கிடையாது.

மேல்வேகத்தைக் குறைக்கும் இடத்தில்தான் நான் எதிர்பாராதது நடந்தது. பொறி மேலே எழும்பி, வளைந்து, கீழே விழ வேண்டும். கரும்பலகையில் அட்டவணை போட்டேன். தொடக்க வேகம் 4. ஒவ்வொரு அடியிலும் 1 குறையும். உயரம் 0இலிருந்து 4, பிறகு 7, 9, 10. வேகம் 0 ஆனதும் உயரம் அதே 10. அடுத்த வரியை நிரப்ப ஒரு மாணவனை அழைத்தேன். கணக்கு வேளையில் கடைசி பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்பவன். முழுக்கள் பாடத்தில் 10 + (−1) என்று கொடுத்தால் 11 என்று எழுதுவான். நான் சிவப்பு மையால் அடிப்பேன். அடுத்த தேர்விலும் 11 என்றே எழுதுவான். மூன்று ஆண்டுகளாக இது நடக்கிறது.

"வேகம் சைபர் ஆயிடுச்சுல்ல டீச்சர். முடிஞ்சு போச்சு" என்றான்.

"சரி, ஓட விட்டுப் பார்" என்றேன். ஓட விட்டான். பொறி உச்சிக்குப் போய் நிற்கவில்லை, இறங்கியது. அவன் மறுபடி ஓட விட்டான். மூன்றாம் முறையும். பிறகு பலகைக்கு வந்து 0க்குக் கீழே −1 என்று எழுதினான். உயரம் என்ற கட்டத்தில் சுண்ணாம்புக்கட்டியை வைத்துக்கொண்டு நின்றான். 11 என்று எழுத வந்த கை அது, எனக்குத் தெரியும். "பதினொண்ணுன்னா மேலல்ல போகணும்" என்று தனக்குள் சொல்லிவிட்டு 9 என்று எழுதினான். அதன்பின் யாரும் உதவவில்லை. வேகம் −2, −3, −4. உயரம் 7, 4, 0. ஏறிய அதே எண்கள் தலைகீழாக இறங்கி வந்தன. அதைப் பார்த்து முதல் பெஞ்சு மாணவிகள்தான் அதிகம் வியந்தார்கள். புள்ளிகளை வரைபடத்தாளில் குறித்தபோது பரவளையம் தானாக விழுந்தது. அந்தச் சொல்லை நான் அன்று சொல்லவில்லை.

ஒரு பொறியால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். அடுத்த எழுத்துத் தேர்வில் 10 + (−1) அவனுக்குச் சரி. −3 − 4க்கு 7 என்று எழுதியிருந்தான். கூப்பிட்டு, "பொறி மைனஸ் மூணு வேகத்துல இறங்குது, இன்னும் நாலு குறைச்சா?" என்றேன். அழித்துவிட்டு −7 என்று எழுதினான். சிவப்பு மை தேவைப்படவில்லை.

இரண்டு பிழைகள்

இந்தப் பயிற்சியில் பிள்ளைகள் செய்த பிழைகள், சரியாக வந்த நிரல்களைவிடப் பயன்பட்டன.

ஒரு கணினியில் பொறிகள் சிதறவே இல்லை. எல்லாம் ஒன்றாக இடப்பக்கம் சாய்ந்தன, திடீரென ஒன்றாக வலப்பக்கம் திரும்பின, பறவைக் கூட்டம்போல. பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் நாங்கள் கேட்டது அதுவல்ல. காரணம், மாறியை உருவாக்கும்போது ஸ்கிராட்ச் கேட்கும் ஒரு கேள்வி: இந்த மாறி எல்லா ஸ்பிரைட்டுக்குமா, இந்த ஸ்பிரைட்டுக்கு மட்டுமா? அவர்கள் முதலாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். புதிதாகப் பிறந்த குட்டி தன் வேகத்தை எழுதும்போது, ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த எல்லாக் குட்டிகளின் வேகமும் மாறிவிட்டது. நான் விளக்கத் தொடங்குமுன் ஒரு மாணவி சொன்னாள்: "எல்லாம் ஒரே நோட்டுல எழுதுதுங்க டீச்சர். ஆளுக்கொரு நோட்டு குடுக்கணும்." இதைவிடத் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை.

மற்றொன்று எல்லோருக்கும் வந்தது. பொறிகள் நன்றாகக் கொட்டும். சற்று நேரத்தில் நின்றுவிடும். கோல் மட்டும் வெறுமனே சுற்றும். கணினி பழுது என்றார்கள் சிலர். எங்கள் ஆய்வகத்தில் அதை நம்புவதற்கு நியாயம் உண்டு. ஆனால் எல்லாக் கணினியும் ஒரே மாதிரி பழுதாகுமா? கைக்கடிகாரத்தை வைத்து நேரம் பார்க்கச் சொன்னேன். ஏறத்தாழ 10 விநாடி. நகலெடுக்கும் கட்டளையை ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு முறை வைத்திருந்தவர்களுக்கு 5 விநாடி.

இரண்டு மடங்கு வேகமாகப் பிறந்தால் பாதி நேரத்தில் நிற்கிறது. எதிர் விகிதம் என்ற சொல்லை ஒரு மாணவி சொன்னாள். அப்படியானால் பெருக்கற்பலன் மாறாது. எது மாறாமல் இருக்கிறது? ஸ்கிராட்ச் விநாடிக்கு 30 முறை திரையைப் புதுப்பிக்கிறது என்பதை மட்டும் சொன்னேன். 30ஐ 10ஆல் பெருக்கினாலும் 60ஐ 5ஆல் பெருக்கினாலும் 300. "முந்நூறுக்கு மேல குட்டி போட விடமாட்டேங்குது!" ஸ்கிராட்சின் விதி உண்மையில் அதுவேதான். ஒரே சமயத்தில் 300 குளோன்கள் வரை மட்டும். அதற்குமேல் கேட்டால் பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் மறுத்துவிடும்.

"ஆனா ஸ்கிரீன்ல ஒண்ணுகூட இல்லையே டீச்சர்?"

நல்ல கேள்வி. மங்கல் கட்டளையை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். திரை முழுக்கச் செத்த ஈசல்போல் பொறிகள் அசையாமல் கிடந்தன. கண்ணுக்கு மறைந்திருந்தனவே தவிர எதுவும் போகவில்லை. வகுப்பைவிட்டுப் போனவன் பெயர் வருகைப் பதிவேட்டில் இருப்பதுபோல, 300 இடமும் நிரம்பிக் கிடந்தது. 20 அடி முடிந்ததும் "இந்தக் குளோனை நீக்கு" என்ற ஒரு கட்டளையைச் சேர்த்தோம். அதன்பின் பொறிகள் நிற்கவே இல்லை.

இங்கே ஒரு கணக்கைக் கேட்காமல் விடாதீர்கள். ஒரு நொடிப்படத்துக்கு 2 பொறி பிறக்கிறது. ஒவ்வொன்றும் 20 நொடிப்படம் வாழ்கிறது. எந்த நேரத்திலும் திரையில் எத்தனை இருக்கும்? 40. நிரப்பும் குழாயும் காலியாக்கும் குழாயும் வரும் பழைய தொட்டிக் கணக்கின் உறவினர்தான் இது. ஆனால் இங்கே விடையைக் கண்ணால் பார்க்கலாம். பிறப்பு 3, ஆயுள் 100 என்று வைத்தால் 300ஐத் தொட்டுவிடும். பழைய கணினி என்றால் அதற்கு முன்பே திணறும்.

மின்னுவது எப்படி

பொறிகள் பறந்தன, ஆனாலும் மஞ்சள் காகிதத் துண்டுகள்போல் இருந்தன. ஒளி தெரியவில்லை. இதற்குக் கம்பி மத்தாப்பை நினைவூட்டினேன். அதில் தெறிப்பவை எரியும் உலோகத் துகள்கள். தெறிக்கும்போது மிகச் சூடாக இருப்பதால் வெண்மஞ்சள், ஆற ஆற ஆரஞ்சு, அணையும்முன் சிவப்பு. ஆகவே பொறிக்கு நான்கு உடைகள் வரைந்தோம்: வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. ஐந்து அடிக்கு ஒருமுறை அடுத்த உடை. இந்தச் சிறு மாற்றத்திலேயே காகிதம் நெருப்பாகிவிட்டது.

பெரிய விளையாட்டு மென்பொருள்களில் இன்னொரு உத்தி உண்டு. ஒன்றின்மேல் ஒன்று விழும் பொறிகளின் நிற எண்களை மறைக்காமல் கூட்டுவார்கள். கணினியில் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. ஓர் ஆரஞ்சுப் பொறி 255, 160, 40 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சேர்ந்தால் பச்சை 320 ஆக வேண்டும், ஆனால் 255இல் நின்றுவிடும், நீலம் 80. அது மஞ்சள். ஏழு பொறிகள் ஒரே இடத்தில் குவிந்தால் நீலமும் 255ஐத் தொடும், வெள்ளை. அதனால்தான் கோலின் நுனியில், பொறிகள் நெருங்கிப் பிறக்கும் இடத்தில், வெள்ளொளியும் ஓரங்களில் நிறமும் தெரிகின்றன. வண்ணக்கட்டியைக் குழைத்தால் நிறம் இருண்டுகொண்டே போகும். ஒளியைக் கூட்டினால் வெளுக்கும். அறிவியல் ஆசிரியர் இந்த இடத்தில் ஒரு வேளையை எடுத்துக்கொள்ளலாம். ஸ்கிராட்சில் இப்படிக் கூட்டும் வசதி இல்லை. நடுவில் வெள்ளைப் புள்ளி, ஓரத்தில் மெல்லிய மஞ்சள் என்று பொறியை வரைந்து கண்ணை ஏமாற்றினோம்.

இன்னும் ஒரு நுணுக்கம். தற்செயல் எண்ணை −3 முதல் 3 வரை என்று கொடுத்தால் ஸ்கிராட்ச் முழுக்களை மட்டும் தரும். ஏழே ஏழு பக்கவேகங்கள். பொறிகள் சீப்புப் பற்கள்போல் வரிசையாகப் போகும். −3.0 முதல் 3.0 வரை என்று புள்ளி வைத்தால் தசம எண்கள் வரும், வரிசை கலைந்துவிடும். 3க்கும் 3.0க்கும் என்ன வேறுபாடு என்று நம் பிள்ளைகள் எத்தனை முறை கேட்டிருக்கிறார்கள்!

சுட்டியை மிக வேகமாக இழுத்தால் பொறிகளுக்கிடையே இடைவெளி விழுகிறது. கோல் ஒரே நொடிப்படத்தில் (20, 40)இலிருந்து (100, 80)க்குத் தாவினால் நடுவில் எதுவும் பிறக்காது. வேறுபாடு 80, 40. அதை நான்காகப் பிரித்தால் 20, 10. ஆக (40, 50), (60, 60), (80, 70), (100, 80) என நான்கு இடங்களில் பொறி வைக்கலாம். இதைச் செய்தது ஒன்பதாம் வகுப்பு; ஆயத்தொலைகளில் நடுப்புள்ளி கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள். இந்த நான்கையும் தனிக் கட்டளைத் தொகுதியாக எழுதி, திரையைப் புதுப்பிக்காமல் இயக்கு என்ற தெரிவை இட வேண்டும். இல்லையென்றால் நான்கும் நான்கு நொடிப்படங்களாக நீண்டு, வால் கோலைவிட்டுப் பின்தங்கும். எங்களுக்கு இது பிடிபட ஒரு முழு வேளை போனது.

கூட்டத்தன்று தாயிடம் "டீச்சர் போட்டுக் குடுத்தாங்க" என்ற மாணவியின் பொறிகள் இப்போது இளஞ்சிவப்பு. என் பழைய நிரலில் இருந்த அழகு அதில் இல்லை. பொறிகள் கொஞ்சம் பெரிதாக, கொஞ்சம் அவசரமாகப் பறக்கின்றன. ஏன் இப்படி என்று கேட்டால் எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்று சொல்கிறாள், மாற்றத்தான் மறுக்கிறாள். அவளுக்கு அப்படியே பிடித்திருக்கிறதாம்.

கடைசி பெஞ்சு மாணவனுக்கு இப்போது வேறொரு தேவை. விழும் பொறி தரையில் பட்டுத் தெறிக்க வேண்டுமாம். மேல்வேகம் −6 ஆக இருக்கும்போது தரையைத் தொட்டால் அது 6 ஆக வேண்டும், ஆனால் பட்ட அடியில் கொஞ்சம் குறைந்து. −0.6ஆல் பெருக்கிப் பார் என்று சொல்லியிருக்கிறேன். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் எப்படி டீச்சர் மேலே வரும் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறான். வியாழக்கிழமை ஆய்வக வேளை.